புத்தகம் போன இடம்

அத்தியாயம் 9

காலை முதல் மணி அடிப்பதற்குள் காந்தா அந்தச் சுற்றறிக்கையை நான்கு முறை படித்துவிட்டாள்.

அது வேலூரிலிருந்து கிளம்பிப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மலை ஏறி வர அதற்கு அவ்வளவு நாள் பிடித்திருக்கிறது. பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு மே மாதம் வேலூரில் பத்து நாள் பயிற்சி. ஆள் அனுப்பும் பள்ளிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மதிப்புள்ள புத்தகங்கள். விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலைக்குள் அலுவலகத்தில் சேர வேண்டும்.

இன்று வியாழன்.

நிபந்தனைகள் இரண்டு. தற்போது மாணவர்கள் கையில் இருக்கும் புத்தகங்களின் பட்டியலைத் தலைமையாசிரியர் நேரில் சரிபார்த்துக் கையெழுத்திட்டு இணைக்க வேண்டும். பயிற்சி பெறுபவர் அதன்பின் மூன்று ஆண்டுகள் அதே பள்ளியில் பணியாற்றுவதாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அவள் இரண்டாவது நிபந்தனையில்தான் நின்றாள்.

ஜவ்வாது மலையில் வேங்கைமரத்தூர் உண்டு உறைவிடப் பள்ளிக்கு அவள் அறிவியல் ஆசிரியையாக வந்து இரண்டு வருடம். கணவன் ஆதிநாராயணன் கலசப்பாக்கத்தில் கூட்டுறவு சங்க எழுத்தர். சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் ஏறி வருவான். திங்கட்கிழமை விடிவதற்குள் இறங்கிவிடுவான். வளைவுகள் அவனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. வந்து சேர்ந்ததும் ஒரு மணி நேரம் படுத்துத்தான் எழுந்திருப்பான்.

சென்ற வாரம் அவன் எழுதிய கடிதம் அவள் கைப்பையில் இருந்தது. கலசப்பாக்கம் பெண்கள் பள்ளியில் ஓர் இடம் காலியாகிறது. மாற்றல் மனுவை எழுதி எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை வருகிறேன். வெள்ளிக்கிழமை எனக்கு வேலூரில் வேலை இருக்கிறது, கையோடு கொடுத்துவிடலாம். அம்மாவும் வருகிறாள்.

மாமியார் வெள்ளையம்மாள் இதுவரை மலைக்கு வந்ததில்லை.

நூலகம் என்பது ஓர் இரும்பு பீரோ. நூற்றிருபது புத்தகங்கள். காந்தா வந்தபோது பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு புத்தகம் காணாமல் போனாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று முன்பிருந்தவர் திறக்கவே இல்லை. அவள் திறந்தாள். ஒரு நோட்டில் கட்டம் போட்டாள். மாணவர் பெயர், புத்தகம், பெற்றோர் கைரேகை.

மறுநாள் ஒரு பிள்ளையும் பீரோ பக்கம் வரவில்லை.

விடுதிக்கு விறகு கொண்டு வரும் கருப்பன்தான் காரணம் சொன்னான். அவன் மகள் சாந்தம்மாள் எட்டாம் வகுப்பு.

"ரேகை வாணாம் டீச்சர். எங்கப்பன் ஒரே ஒரு தபா வெச்சாரு. ஏழு புளியமரம் பூடுச்சு."

"புத்தகம் யார்கிட்ட இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஈடு வெச்சுட்டுப் போறோம். ஈட்டைப் பாத்தா ஆளு தெரியாதா?"

அன்று முதல், புத்தகம் எடுக்கும் பிள்ளை அது இருந்த இடத்தில் தன் பொருள் ஒன்றை வைத்துவிட்டுப் போகும். ஆட்டு மணி, பம்பரம், உண்டிவில், கண்ணாடி வளையல், மூங்கில் சீப்பு. காந்தா எதையும் எழுதவில்லை. எந்த மணி யாருடையது என்று இரண்டே மாதத்தில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் ஒரு புத்தகமும் தொலையவில்லை.

இப்போது அதைப் பட்டியலாக எழுத வேண்டும். மத்தியான இடைவேளையில் பீரோவைத் திறந்து தாளை எடுத்து வைத்தபோது வெளியே பஸ் ஹாரன் கேட்டது.

ஆதிநாராயணன் முகம் வெளுத்து இறங்கினான். பின்னால் வெள்ளையம்மாள், கையில் கூடையோடு, வயலுக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி நிதானமாக வந்தாள்.

"வழியில ரெண்டு தபா பஸ்ஸை நிறுத்திட்டான் உன் வூட்டுக்காரன்," என்றாள். "கண்டக்டர் இவனைப் பார்த்ததும் ஜன்னல் சீட்டு குடுக்கறான். அவ்வளவு பேரு எடுத்து வெச்சிருக்கான்."

"அம்மா, சும்மா வா."

காந்தா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். வெள்ளையம்மாள் குடித்துவிட்டு வந்த விஷயத்துக்கு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம பாஞ்சாலியைப் பொண்ணு பாக்க வர்றாங்க. நீ சனிக்கெழமயே இறங்கி வந்துடு. அந்தப் பொண்ணு வேற செவப்புக் கல்லு கம்மல்ல ஒண்ணைத் தொலைச்சுட்டு நிக்குது. ஏரியில குளிக்கும்போது விழுந்துடுச்சாம். ஒரு மாசமா தேடறேன். ஒத்தக் கம்மலோட எப்படிம்மா நிக்க வெக்கறது?"

"என்னோடது இருக்கு அத்தை. போட்டுக்கட்டும்."

"உன்னுது வெள்ளக்கல்லு. அவங்க ஜாதகம் வாங்கும்போதே செவப்பைப் பாத்துட்டாங்க."

போன மாதம்தான் நாத்தனார் பாஞ்சாலி இங்கே வந்து நான்கு நாள் தங்கினாள். காந்தா வகுப்பில் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாவதோடு நிறுத்தப்பட்ட பெண். பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள்.

ஆதிநாராயணன் மனுவை எடுத்து நீட்டினான். அவன் கையெழுத்து அழகாக இருக்கும். கீழே அவள் பெயரும், அதன் மேல் கையெழுத்துக்கு வெற்றிடமும்.

காந்தா சுற்றறிக்கையை எடுத்து அவனிடம் கொடுத்தாள். வாயால் சொல்வதைவிட அது சுலபம்.

அவன் படித்தான். இரண்டாவது நிபந்தனையில் அவனும் நின்றான்.

"மூணு வருஷமா?"

"ஆமாங்க."

"எப்ப வந்தது?"

"நேத்து."

"ரெண்டுல ஒண்ணுதான் போவும் காந்தா. மாத்தல் கேக்கறவங்களைப் பயிற்சிக்கு அனுப்ப மாட்டாங்க."

"தெரியும்."

"அந்த இடம் மறுபடி எப்பக் காலியாவும்னு யாருக்கும் தெரியாது." அவன் குரலை உயர்த்தவில்லை. "நமக்குக் கல்யாணமாயி மூணு வருஷம். நான் கணக்குப் போட்டுப் பாத்தேன். நாம ஒண்ணா சாப்பிட்ட நாளுங்களை விட நான் பஸ்ல வாந்தி எடுத்த நாளுங்க ஜாஸ்தி."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. ஆனால் அவன் சொன்னது நிஜம்.

"வர்றேன். எட்டாவதுக்கு ஒரு பாடம் இருக்கு," என்று எழுந்தாள். இரண்டு தாள்களும் மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சாவி பீரோவிலேயே தொங்கியது.

அவன் முகம் கழுவிக்கொண்டு வர விடுதிப் பக்கம் போனான்.

வெள்ளையம்மாள் தனியாக இருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. திறந்திருந்த பீரோவைப் பார்த்தாள். புத்தகங்களுக்கு நடுவே ஆட்டு மணி. அதற்குப் பக்கத்தில் பல் உடைந்த சீப்பு.

"அய்யே," என்றாள். "பள்ளிக்கூட பீரோவா, பழைய சாமான் கடையா?"

முந்தானையை இழுத்துச் செருகினாள். பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் கூடையில் போட்டாள். தட்டுகளைத் துடைத்தாள். இடைவெளி தெரியாமல் புத்தகங்களை நெருக்கி நிற்க வைத்தாள். மேல்தட்டு மூலையில் ஒரு தீப்பெட்டி இருந்தது. அதையும் போட்டாள். கூடையை வாசல்படிக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, பீரோவைத் தள்ளி நின்று பார்த்தாள். திருப்தியாக இருந்தது.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் தண்ணீர்ப் பானைக்கு ஓடினார்கள். வழியில் கூடை.

முதலில் நின்றவள் சாந்தம்மாள். அவளுடைய ஆட்டு மணி மேலாகவே கிடந்தது. பின்னால் வந்த சக்கரவர்த்தியும் பார்த்தான். யாரும் சத்தம் போடவில்லை. விடுதியை நோக்கித் திரும்பிப் போனார்கள்.

எட்டாம் வகுப்பில் லென்ஸ்களைத் துடைத்து வைத்துவிட்டுக் காந்தா வந்தபோது அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம்.

"இந்தாங்க டீச்சர்," என்றாள் சாந்தம்மாள். விண்மீன்களைப் பற்றிய புத்தகம். பாதியில் ஒரு காய்ந்த இலை அடையாளமாக இருந்தது. அதை உருவி எடுத்துக்கொண்டு புத்தகத்தை நீட்டினாள்.

"இன்னாத்துக்கு இப்ப திருப்பித் தர்ற?"

சாந்தம்மாள் கூடையைப் பார்த்தாள்.

சக்கரவர்த்தி பாம்புகளைப் பற்றிய புத்தகத்தைக் கொடுத்தான். அடுத்தவன் தேனீ. அடுத்தவள் மின்சாரம். பத்துப் புத்தகங்கள் காந்தாவின் கைக்கு வந்தன. தங்கள் பொருளைக் கூடையிலிருந்து எடுக்கக்கூட யாரும் குனியவில்லை. போய்விட்டார்கள்.

விறகு இறக்கிக்கொண்டிருந்த கருப்பன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். ஆதிநாராயணன் அவனிடம் கேட்டான்.

"இன்னா ஆச்சு? பசங்க ஏன் இப்படிப் பண்றாங்க?"

"ஈடு வாசலுக்கு வந்துடுச்சு சார்," என்றான் கருப்பன், இதுகூடத் தெரியாதா என்பது போல. "ஏர் குடுத்தவனோ பானை குடுத்தவனோ ஈட்டை எடுத்து வாசல்ல வெச்சா, அவன் பொருளு அவனுக்கு வேணும்னு அர்த்தம். கொண்டாந்து குடுத்துடணும். ஏன்னு கேக்கறது மரியாதை இல்ல."

வெள்ளையம்மாளுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"அது... குப்பை இல்லியா?"

"இல்லீங்க அத்தை," என்றாள் காந்தா.

தலைமையாசிரியர் ராஜாக்கண்ணு வந்தார். நான்கு மணி ஆலங்காயம் பஸ்ஸைப் பிடிக்கப் பையைத் தோளில் மாட்டியிருந்தார். நல்ல மனிதர். ஆனால் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார்.

"பட்டியல் குடும்மா. பாத்துட்டுப் போட்டுடறேன்."

காந்தா நடந்ததைச் சொன்னாள். அவர் பீரோவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த அடுக்கைப் பார்த்தார்.

"உன் கையில இருக்கற புத்தகத்தைப் பசங்க கையில இருக்குன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

"காலையில அவங்ககிட்டதான் சார் இருந்தது."

"இருந்தது. 'தற்போது'ன்னு போட்டிருக்கான்." கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் முக்கா மணி இருக்கு. அப்புறம் மனு ஒண்ணு இருக்குன்னு உன் வூட்டுக்காரர் சொன்னாரே. எதை அனுப்பறேன்னு முடிவு பண்ணிக்க. ஒண்ணுலதான் கையெழுத்துப் போடுவேன்."

அவர் அலுவலக அறைக்குப் போனார்.

காந்தா புத்தகங்களை மேசை மேல் வைத்தாள். மேலே இருந்தது விண்மீன்கள். எந்தப் பக்கத்தில் சாந்தம்மாள் விட்டாள் என்று இனித் தெரியாது.

பிள்ளைகள் ஒருமுறை 'ஏன் டீச்சர்' என்று கேட்டிருக்கலாம். கோபப்பட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒருவேளை அவள் மாற்றல் மனுவில் கையெழுத்துப் போட்டிருப்பாள். அவர்கள் கேட்கவே இல்லை. கொடுத்தவர் கேட்டால் பொருள் திரும்பிப் போகும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. டீச்சர்களும் அப்படித்தான் என்று நாளைக்கு நினைப்பார்கள்.

பேனாவைத் திறந்தாள். ஒரு தாளை இழுத்து உறுதிமொழியை எழுதி, கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

ஆதிநாராயணன் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள்.

அவன் மேசைக்கு வந்து அவள் கையெழுத்தைப் பார்த்தான். பிறகு கையெழுத்தில்லாத மனுவை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"கிழிக்கலை. மூணு வருஷம் கழிச்சுத் தேதியை மாத்திக்கலாம்," என்றான். "வேலூர்ல வாந்திக்கு நல்ல மாத்திரை கெடைக்குமாம். நாளைக்கு மொத்தமா வாங்கிடறேன்."

அவன் கோபமாக இருக்கிறானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தில் பஸ் களைப்பு மட்டும்தான் இருந்தது.

"பட்டியலுக்கு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டான்.

அதற்கு வெள்ளையம்மாள் பதில் சொன்னாள். எழுந்து வாசலுக்குப் போய்க் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்தது நானு. நானே வெக்கறேன். பசங்களைக் கூப்புடு."

பிள்ளைகள் வந்து தள்ளி நின்றார்கள். வெள்ளையம்மாள் ஆட்டு மணியை எடுத்து ஆட்டினாள்.

"இது யாருது?"

பிள்ளைகள் சாந்தம்மாளைப் பார்த்தார்கள்.

"இந்தாம்மா பொண்ணு, உன்னையே பாக்குது மணி. உன்னுதுதானே?"

"ஆமாங்க," என்றாள் சாந்தம்மாள்.

"நான் கீழ்நாட்டுக்காரி. எனக்கு நெல்லு தெரியும், களை தெரியும். உங்க ஈடு தெரியல. களைன்னு புடுங்கிட்டேன். தப்பு என்னுது, உங்க டீச்சருது இல்ல. எந்தப் புத்தகம் உன்னுது?"

சாந்தம்மாள் காட்டினாள். வெள்ளையம்மாள் அதை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். பீரோவில் அது நின்ற இடத்தைக் கேட்டு, மணியை அங்கே வைத்தாள்.

"இன்னா கீது இதுல?"

"நட்சத்திரங்க. நாம பாக்கற வெளிச்சம் பழசாம். கெளம்பி ரொம்ப வருஷம் ஆயிருக்குமாம்."

"உங்க ஊரு தபாலு மாதிரி," என்றாள் வெள்ளையம்மாள்.

சக்கரவர்த்தி சத்தமாகச் சிரித்துவிட்டான். வரிசை கலைந்து நெருங்கியது. பம்பரம் யாருடையது, உண்டிவில் யாருடையது என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே மாதிரி இருந்த இரண்டு மணிகளை ஆட்டிப் பார்த்து, எது எந்த வீட்டு மணி என்று சத்தத்தை வைத்துப் பிரித்தார்கள். புத்தகம் கைக்கு வர வர, காந்தா பட்டியலை நீட்டினாள். பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே எழுதினார்கள்.

இதுவும் ஒரு தாள்தானே என்று அவள் தயங்கிக் கருப்பனைப் பார்த்தாள். அவன் எட்டிப் பார்த்து, மகள் எழுதிய பெயரை விரலால் தொடாமல் காட்டினான்.

"இது ரேகை இல்லியே. இவளே எழுதறா. எழுதட்டும்."

ராஜாக்கண்ணு வாசலில் நின்று பத்துப் பிள்ளைகளையும் பத்துப் புத்தகங்களையும் எண்ணினார். நிற்கும்போதே கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். பஸ்ஸுக்கு ஓடினார்.

ஆதிநாராயணன் எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு ஒட்டிப் பையில் வைத்தான். "போளூர் பஸ் வந்துடும். நான் போய் எடம் பிடிக்கறேன். ஜன்னல் பக்கம்," என்று இறங்கிப் போனான்.

காந்தா கூடையைக் கவிழ்க்க எடுத்தாள். அடியில் தீப்பெட்டி கிடந்தது.

"இது யாரும் கேக்கலியே," என்றாள் வெள்ளையம்மாள். "காலிப் பெட்டிதானே?"

கையில் எடுத்தாள். காலி இல்லை. திறந்தாள். பஞ்சுக்குள் சிவப்புக் கல் கம்மல்.

காந்தா குனிந்து பார்த்தாள்.

"எங்க இருந்தது இது?" என்றாள் காந்தா மெதுவாக.

"மேல, மூலையில."

காந்தா முக்காலி மேல் ஏறிப் பார்த்தாள். மேல்தட்டுப் புத்தகங்களை இந்தப் பள்ளியில் யாரும் தொடுவதில்லை. அவளே படித்து முடித்துக் கொண்டு வந்து வைத்தவை. நெருக்கி வைத்திருந்தவற்றை விரலால் தள்ளி ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"பத்தாவது கணக்கு வழிகாட்டி ஒண்ணு இருந்தது அத்தை. தனியா பரீட்சை எழுதறவங்களுக்கு உண்டானது. அதைக் காணோம்."

வெள்ளையம்மாள் கம்மலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு மாதமாக ஏரிக்கரையில் புல்லை விலக்கி விலக்கித் தேடிய கம்மல்.

"நான் கேட்டப்ப ஏரின்னா," என்றாள். "அடி வாங்கினா. அப்பவும் ஏரின்னுதான் சொன்னா."

கீழே பஸ் ஹாரன் அடித்தது.

"கொண்டு போங்க அத்தை," என்றாள் காந்தா. "ஞாயித்துக்கெழம வேணுமே."

வெள்ளையம்மாள் கம்மலைப் பஞ்சில் வைத்தாள். பெட்டியை மூடினாள். முந்தானையில் முடியப் போனவள் நின்றாள்.

"அந்த லிஸ்ட்டுல அவ பேரு இருக்குதா?"

"இல்லீங்க."

"இப்போதைக்கு எங்கயும் எழுதாத."

முக்காலியைத் தன் பக்கம் இழுத்து ஏறினாள். மேல்தட்டில் ஒரு புத்தகம் நிற்கும் அளவுக்கு இடம் ஒதுக்கினாள். அங்கே தீப்பெட்டியை வைத்தாள். இறங்கி, பீரோவைச் சாத்தி, சாவியைத் திருப்பிக் காந்தாவின் கையில் கொடுத்தாள்.

பஸ் படியில் ஆதிநாராயணன் நின்றிருந்தான்.

"இன்னாம்மா இவ்வளவு நேரம்? எதனா விட்டுட்டியா?"

"இல்லடா," என்றாள் வெள்ளையம்மாள், ஏறிக்கொண்டே. "இருந்த எடத்துல வெச்சுட்டு வர்றேன்."